கார்டு மாற்ற ஏற்ற நாள்

என் கம்ப்யூட்டரில் யாரும் ஓடமாட்டார்கள். ஓரிடத்தில் நிற்பார்கள், அப்புறம் இன்னோரிடத்தில் நிற்பார்கள். நடுவில் ஓடியது மற்றவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. சுடுகிற விளையாட்டு அது. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம். யாராவது புகைக்குண்டு போட்டுத் திரை முழுக்க வெள்ளைப் புகை கிளம்பினால், படம் காட்டுகிற என் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மூச்சு முட்டிவிடும். புகை கலையும்போது நான் செத்திருப்பேன்.

“காலண்டர் அவுட்டு,” என்பான் கேப்டன், ஹெட்போனில்.

அந்தப் பெயர் அவன் வைத்தது. என் திரையில் ஒரு நாளைக்கு ஒரு படம்தான் வருமாம், அதைக் கிழித்தால்தான் அடுத்தது வருமாம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கழற்றிவிட்டுவிடுவார்களோ என்று பயம்.

நான் ஏசி மெக்கானிக். கேப்டனைப் பார்த்ததும் அப்படித்தான். அடையாறில் அவன் வீட்டில் ஏணி மேல் நின்று ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கீழே அவன் ஆடிக்கொண்டிருந்தான். காலேஜ் போகிற வயசு. ஒரே மூலையில் மூன்று முறை செத்தான். பொறுக்கமுடியாமல், “தம்பி, அந்த மாடிப்படிக்குப் பின்னால ஒருத்தன் குந்திகினு கீறான்,” என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு பயமாகிவிட்டது, அவன் கோபித்துக்கொண்டு அம்மாவிடம் சொல்லிவிடுவானோ என்று. அவன் நிமிர்ந்து பார்த்து, “அண்ணா, நீங்க ஆடுவீங்களா?” என்றான். இரண்டு வாரம் நான் அண்ணா. அப்புறம் சில மாதம் மச்சி. அப்புறம் காலண்டர். அவன் அம்மாவுக்கு நான் இன்றைக்கும் “ஏசி”தான். “ஏசி வந்திருக்கு பாரு,” என்று உள்ளே பார்த்துச் சொல்வார்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்தவர்கள் நாலு பேர் இருக்கிற இடத்தில் என்னை ஒருத்தன் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்த ஐந்தில் ஓரிடம் என்னுடையது என்பதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் முதலில் நினைத்துக்கொள்வது அதைத்தான்.

கார்டு மாற்றப் பணம் இல்லாமல் இல்லை. எடுத்துத் தனியாக வைத்திருந்தேன். எப்போது மாற்றுவது என்பதுதான் தெரியவில்லை. முதலில், கம்ப்யூட்டரிலேயே காசு விளைவிக்கிற ஒரு கூட்டம் ஊரிலுள்ள கார்டையெல்லாம் வாரிக்கொண்டு போனது. விலை இறங்கட்டும் என்று இருந்தேன். இறங்கியது. இன்னும் இறங்கும் என்று தோன்றியது. அதற்குள் புது வரிசைக் கார்டு வரப்போகிறது என்றார்கள். வந்தபின் அதன் ஒயர் உருகுகிறது என்று ஒரு வீடியோ பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வாங்காத கார்டின் ஒயர். இப்போது என்ன கேட்டாலும் பதில் சொல்கிற மெஷின்கள் வந்திருக்கின்றன, உலகத்து மெமரியெல்லாம் அதற்குப் போகிறது, இனி விலை ஏறும் என்கிறார்கள். ஏறும்போது வாங்குகிறவன் முட்டாள் என்று அதற்கும் இருந்தேன். இப்படி மூன்று வருஷம்.

நானும் அக்காவும் பட்டினப்பாக்கத்தில் ஹவுசிங் போர்டு வீட்டில் இருக்கிறோம், இரண்டாவது மாடி, கடல் பார்த்த ஜன்னல். அக்காவுக்குக் கீழே ரோட்டோரம் மீன் கடை. நான் விலை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டே நின்று பார்ப்பாள்.

“என் கடையில ஒருத்தி வருவா,” என்றாள் ஒரு நாள். “வஞ்சிரத்த அமுக்கிப் பாப்பா, செவுள தொறந்து பாப்பா, வெல கேப்பா, போய்ட்டு வரேன்னுவா. சாயந்தரம் மறுபடி வந்து அமுக்குவா. அமுக்கி அமுக்கியே அது கூழாயிடும். நீ அவதான்டா.”

கேப்டனும் பொறுமை இழந்துவிட்டான். மே கடைசியில் ஒரு போட்டியின் தகுதிச் சுற்று இருந்தது. அதில் ஜெயித்தால் நந்தனத்தில் ஓர் அரங்கில் மேடைமேல் உட்காரவைத்து, பின்னால் பெரிய திரை கட்டி, ஆள் பார்க்க ஆடவிடுவார்கள். அணியில் ஆறு பேர் இருந்தோம், ஆடுவது ஐந்து.

“மச்சி, கார்டு மாத்து,” என்றான், எல்லோரும் கேட்கும்போது. “இல்லன்னா ஆறாவது ஆளு நீ. நந்தனத்துல எங்களுக்குத் தண்ணி பாட்டில் தூக்குவ. அதுக்கு கார்டு தேவையில்ல.”

எல்லோரும் சிரித்தபோது ஒருத்தன் சிரிக்கவில்லை. அவன் மயிலாப்பூர்க்காரன். குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் வீடு, சி.ஏ. படித்துக்கொண்டே ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்த்தான். அணியில் என்னை நீங்க, அண்ணா என்று கடைசிவரை சொன்னவன் அவன் மட்டும்தான். கார்டுகளைப் பற்றி ஆங்கிலத்தில் வருகிற கட்டுரைகளை எனக்குப் படித்துச் சொன்னதும் அவன்தான். வேலை முடிந்து வரும்போது ஒரு காபிக் கடையில் நின்று, போனைக் கையில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி தமிழில் சொல்வான். நான் அதே சந்தேகத்தை நாலாவது முறை கேட்டாலும் முதல் முறை மாதிரியே சொல்வான்.

பொங்கல் கழித்து ஒரு நாள், தி.நகர் துணிக்கடைக் கட்டைப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு மாடியேறி வந்தான். புடவை எடுத்து வந்தவன் மாதிரி இருந்தது. உள்ளே அவன் கார்டு. என்னுடையதைவிட இரண்டு மடங்கு நீளம்.

“மே மாசம் ஃபைனல் பரீட்சைண்ணா. அது முடியற வரைக்கும் இது ஆத்துல இருக்கப்படாதுங்கறார் அப்பா. பீரோல வெச்சுப் பூட்டறேன்னேன். பூட்டினாலும் ஆத்துலதானேடா இருக்குங்கறார்.”

“அதுக்கு?”

“நீங்க போட்டுக்கோங்கோ. என் எடத்துல நீங்க ஆடுங்கோ. பிடிச்சுதுன்னா நீங்களே வாங்கிண்டுடலாம், எனக்கு அமெரிக்காலேர்ந்து என் பெரியம்மா பிள்ளை வரச்சே புதுசு கொண்டு வரான். பிடிக்கலேன்னா திருப்பிக் குடுங்கோ. அவ்ளோதான்.”

அக்கா அவனுக்கு டீ கொடுத்தாள். மீன் வாடை அடிக்குமோ என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவன் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

அந்த நாலு மாதம்போல எனக்கு வாழ்க்கையில் எதுவும் வாய்த்ததில்லை. புகைக்குள் ஆள் நடப்பது தெரிந்தது. ஒருத்தன் திரும்பும்போது அவன் தோள் முதலில் திரும்புவது தெரிந்தது. கேப்டன் மறுபடி மச்சி என்றான். காலண்டரை எல்லோரும் மறந்துபோனார்கள். நான் மறக்கவில்லை. இந்தக் கார்டு போய்விட்டால் அந்தப் பெயர் திரும்பி வரும் என்று ஆடிக்கொண்டிருக்கும்போதே நினைத்துக்கொண்டிருப்பேன்.

அதனால் கார்டு சூடாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என் தொழிலே சூடு. திரை மூலையில் ஓர் எண் வைத்து டிகிரி ஓடவிட்டிருந்தேன். எண்பதைத் தொட்டது. கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டேன். போதவில்லை. டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து ஜன்னலுக்கும் கேபினெட்டுக்கும் நடுவே வைத்து, கார்டைப் பார்த்து முழு வேகத்தில் சுற்றவிட்டேன். எழுபதுக்கு இறங்கியது. அன்றுதான் தூங்கினேன்.

“எனுக்கு ஒரு நாளு அந்த ஃபேன திருப்பினியாடா நீ?” என்றாள் அக்கா. “அதுக்குப் பக்கத்துல நீ படுத்துக்க, தாலாட்டு பாடு.”

இதை எழுதும்போதுதான் சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை. கடற்கரைப் பக்கம் யார் ஏசி வாங்கினாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். வெளியே வைக்கிற யூனிட்டைக் கடல் பார்த்து மாட்டாதீர்கள், உப்புக்காற்று செம்பைத் தின்றுவிடும், உள்ளே போர்டில் பச்சை பூக்கும், பூத்தால் துடைத்துப் பிரயோஜனமில்லை. ஊரெல்லாம் சொல்லி, விளக்கி, போட்டோ காட்டிப் பேர் வாங்கினவன். என் வீட்டில் கடல் ஜன்னலைத் திறந்து வைத்து, அந்தக் காற்றை ஒரு ஃபேனால் இழுத்து, நாலு மாதம் ஒரு கார்டுக்கு ஊட்டினேன். சூட்டுக்குப் பயந்ததில் உப்பு என் ஞாபகத்துக்கே வரவில்லை.

மே இருபது வாக்கில் மயிலாப்பூர்க்காரனிடமிருந்து போன் வந்தது. பரீட்சை முடிந்துவிட்டது. பெரியம்மா பிள்ளைக்கு விசாச் சிக்கல், இந்த வருஷம் வரவில்லை.

“நீங்க வெச்சுக்கறேளா, திருப்பித் தரேளாண்ணா? எதுன்னாலும் சரி. ரெண்டு நாள்ல சொன்னா போறும்.”

கேப்டனும் அன்றைக்கே சொன்னான். “அவன் வந்துட்டான். அவன் கார்டோட ஆடுறதா இருந்தா அவன் ஆடட்டும். நீ ஆறு.” நீ ஆறாவது ஆள் என்றுகூடச் சொல்லவில்லை. ஆறு.

நான் வாங்கிக்கொள்வதாகச் சொல்லத்தான் இருந்தேன். உண்மையாகவே. மறுநாள் புதன்கிழமை, காலையில் கார்டைக் கழற்றித் தூசு தட்டலாம் என்று ஜன்னலோரம் திருப்பிப் பார்த்தேன். திருகாணித் தலையெல்லாம் துரு. பின்பக்கத் தகட்டுக்கு அடியில், காற்று நேராக அடித்த இடத்தில், பாகங்களின் கம்பிக் காலுக்குக் கால் பச்சை பூத்திருந்தது. எத்தனை ஏசி போர்டில் இதைப் பார்த்திருக்கிறேன். பார்த்து, “போச்சு சார், மாத்துங்க,” என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்.

உடனே ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். அவன் திட்டுகிறவனும் இல்லை. செய்யவில்லை. தின்னரும் பல் துலக்குகிற பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு காலாகத் தேய்த்தேன். திருகாணிகளைக் கழற்றி என் டப்பாவிலிருந்து புதுசு போட்டேன். வெளியே இருப்பது போய்விட்டது. உள்ளே போனது போகாது, அது எனக்குத் தெரியும்.

அக்கா கத்தியை எடுக்கக் கடையிலிருந்து மேலே வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அந்தப் பையனோடதா?”

“ஆமா.”

“கெட்டுப்போச்சா?”

நான் பிரஷ்ஷை மறுபடி தின்னரில் நனைத்தேன்.

“செவுளுக்கு செவப்பு மை தடவி விக்கிறானுங்க பாரு, அதுமாரி கீது நீ பண்றது,” என்றாள். “பசில கெடந்த நாள்லகூட நான் அத பண்ணதில்லடா.” கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வியாழக்கிழமை கார்டை அதே கட்டைப்பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் வெளியே எடுத்துப் பார்த்தான்.

“என்னண்ணா, நான் குடுத்ததைவிடப் பளபளன்னு இருக்கு,” என்றான். “வேண்டாமா உங்களுக்கு?”

“எனக்கு இவ்வளவு பெருசு தேவையில்ல,” என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போய் ஒரு புதுக் கார்டு வாங்கினேன். விலை இறங்குமா என்று கேட்கவில்லை. புது வரிசை எப்போது என்று கேட்கவில்லை. ஒயரைப் பற்றிக் கேட்கவில்லை. கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக் காட்டவா என்றதற்கு வேண்டாம் என்றேன். மூன்று வருஷம் எடுக்கமுடியாத முடிவை மூன்று மணி நேரத்தில் எடுத்து முடித்தேன். ஏன் என்று என்னை அப்போது யாராவது கேட்டிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். இப்போது சொல்கிறேன். ஐந்தில் ஓரிடம் காலியாகப்போகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அது ஞாயிற்றுக்கிழமையே காலியாகும் என்று தெரியாது. காலியாகும் என்று தெரியும்.

வாங்கியதை யாரிடமும் சொல்லவில்லை. கேபினெட்டை மூடித் திருகினேன். கடல் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் டேப் ஒட்டினேன். அக்கா வேர்த்து வழிந்துகொண்டு என்னைப் பார்த்தாள், ஃபேன் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

ஞாயிறு மத்தியானம் தகுதிச் சுற்று. மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்கவேண்டும். அவரவர் வீட்டிலிருந்து ஐந்து பேரும் ஆட, நான் ஆறாவதாக ஹெட்போனில் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். முதல் ஆட்டம் பாதியில், சமமாகப் போய்க்கொண்டிருந்தபோது, மயிலாப்பூர்க்காரன் குரல் வந்தது.

“எனக்குத் திரைல கோடு கோடா வரது.”

“ஆடுறா,” என்றான் கேப்டன்.

“இல்லடா, ஊதா கலர்ல… போயிடுத்து. மொத்தமா போயிடுத்து.”

நாலு பேரை வைத்துக்கொண்டு அந்த ஆட்டத்தைத் தோற்றார்கள். தோற்று முடிந்ததும் கேப்டன் பேசியதை நான் முழுசாக எழுதப்போவதில்லை. “நாலு மாசம் படிச்சுக் கிழிச்சியே, ஒரு கார்ட ஒழுங்கா வெச்சிக்கத் தெரியல உனக்கு,” என்று தொடங்கினான். நடுவில் அவன் அப்பாவையும் இழுத்தான். மயிலாப்பூர்க்காரன் ஒவ்வொன்றுக்கும் ஸாரி, ஸாரி என்று சொல்லிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் போய்விட்டதால் போன் வழியாக வந்த குரல் அது, கொஞ்சம் தள்ளிக் கேட்டது.

“காலண்டர், நீ வா,” என்றான் கேப்டன். “எப்படியும் தோக்கப்போறோம். உன் டப்பாவ ஆன் பண்ணு.”

“புதுக் கார்டு போட்டுட்டேன்,” என்றேன்.



“எப்ப?” என்றான் கேப்டன்.

“வெள்ளிக்கிழம.”

திருப்பிக் கொடுத்தது வியாழன், வாங்கியது வெள்ளி, செத்தது ஞாயிறு. விரல் விட்டு எண்ணினால் போதும். எண்ணத் தெரிந்தவன், ஆடிட்டர் ஆகப்போகிறவன், அங்கே ஒருத்தன் இருந்தான். அவன்தான் முதலில் பேசினான்.

“நல்ல வேளைண்ணா,” என்றான். “சரியான சமயத்துல மாத்தினேள்.”

மீதி இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தோம். இரண்டாவதில் நான் புகைக்குள் போய் மூன்று பேரைச் சுட்டேன். கேப்டன் கத்தினது அக்காவுக்குக் கேட்டிருக்கும், ஹெட்போனுக்கு வெளியே வந்தது.

அடுத்த வாரம் அதே காபிக் கடையில், அதே கட்டைப்பையோடு அவன் வந்தான். “நீங்க போர்டெல்லாம் பாக்கறவராச்சே, என்ன ஆச்சுன்னு பாருங்கோளேன்.” நான் ஸ்க்ரூடிரைவர் எடுத்து, நான் போட்ட திருகாணிகளையே கழற்றினேன். தகட்டைத் தூக்கியதும் தெரிந்தது. தேய்த்த இடம் போக, பிரஷ் போகாத உள்பக்கமெல்லாம் பச்சை.

“இது என்னண்ணா, பச்சையா?”

“வயசு,” என்றேன். “கார்டு பழசாயிட்டா இப்படித்தான். நீ பரீட்சைக்கு முன்னாடியே மாத்தியிருக்கணும்.”

“நீங்க வெச்சிண்டிருந்தப்போ நன்னா இருந்ததோன்னோ?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

அவன் தலையாட்டினான். நான் சொன்னதைப் போனில் குறித்துக்கொண்டான், அடுத்த கார்டை எத்தனை வருஷத்தில் மாற்றவேண்டும் என்று. அப்பா இப்போதைக்குப் புதுசு வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டாராம், ரிசல்ட் வரட்டும் என்று. காபிக்கு அவன்தான் கொடுத்தான், எவ்வளவு தடுத்தும்.

நந்தனத்தில் மேடை பெரிதாக இருந்தது. ஐந்து நாற்காலி, ஐந்து கம்ப்யூட்டர், எல்லாம் போட்டி நடத்துகிறவர்களே வைத்தது. அங்கே எல்லோருக்கும் ஒரே கார்டு. மூன்று வருஷமாக நான் உட்கார நினைத்த நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டப்போனேன். பக்கத்திலிருந்து கேப்டன் குரல் வந்தது.

“காலண்டர், தண்ணி.”

நான் திரும்பினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மேடைக்குக் கீழே பார்த்துக் கை காட்டிக்கொண்டிருந்தான். ஆறாவது ஆளுக்குக் கொடுக்கிற பேட்ஜைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் பாட்டில்களோடு மயிலாப்பூர்க்காரன் படியேறி வந்தான். கேப்டன் நீட்டின கையைத் தாண்டி முதலில் என்னிடம் வந்தான். மூடியைத் திருகித் திறந்து கொடுத்தான்.

“குடிங்கோண்ணா,” என்றான். “என் எடத்துல நீங்க ஆடுங்கோ.”